ஒரு கதவுக்கு எத்தனை பேர்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஒன்றைப் பற்றி அது சொல்வதால் மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் அதை விடாமல் குறிப்பிடுவார்கள். அதே கல்வெட்டில் ஒரு மாணவர் விடுதியும் இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேதமும் இலக்கணமும் பயின்ற அந்த மாணவர்களுக்குச் சாப்பாட்டுக்கு நெல், படுக்கப் பாய், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய், இரவு விளக்குக்கு எண்ணெய் என எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாததல்ல. என்னை நிறுத்துவது அந்தக் கணக்கு. விடுதி நடத்துவது என்றால் தலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவது என்ற எண்ணம் அன்றே வந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

இன்றைய கல்லூரி ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். விடுதி என்ற தலைப்பின் கீழ் இத்தனை கட்டிடம், இத்தனை அறை, இத்தனை கட்டில் என்று இருக்கும். மாணவர்களை ‘இன்மேட்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். சிறையில் இருப்பவரையும் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது எழுதியவருக்குத் தோன்றியிராது. கட்டில் கணக்கு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இடம் கிடைக்காமல் ஊரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைக்கு ஒரு கட்டில் என்பது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கணக்கோடு நின்றுவிட்டால் இன்னொரு கணக்கு கண்ணில் படாமலே போகிறது: ஒரு குளியலறையை, ஒரு மாடிப்படியை, ஒரு அடுப்பை, ஒரு கதவை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்ற கணக்கு.

நான் படித்த கல்லூரி விடுதியில் நீளமான காரிடார். இருபுறமும் பதினெட்டு பதினெட்டு அறைகள், அறைக்கு மூன்று பேர், குளியலறைகள் எல்லாம் ஒரு கோடியில். இரண்டு வருடம் அங்கே இருந்தேன். மறுகோடி அறைகளில் இருந்தவர்களில் பாதிப்பேரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. குளியலறை வாசலில் வாளியை வைத்து இடம் பிடித்ததற்காக அவர்களோடு போட்ட சண்டைகள் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. அது எங்கள் குணம் என்று நினைத்திருந்தேன். கட்டிடத்துக்கும் அதில் பங்குண்டு என்று தெரியப் பல வருடம் ஆயிற்று.

இதை முறையாக அளந்து காட்டியவர்கள் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று சமூக உளவியலாளர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து படிக்கத் திரும்பிய, திருமணமான மாணவர்களுக்காக அமெரிக்காவின் எம்ஐடி கட்டிய வெஸ்ட்கேட் குடியிருப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு நூல் 1950-இல் வந்தது. ஒரே மாடியில் ஐந்து வீடுகள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தொண்ணூறு அடிகூட இல்லை. அடுத்த வீட்டாரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளி இருந்தவர் என்றால் 22. கோடிக்குக் கோடி என்றால் 10. மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள், ஏனென்றால் மாடிக்காரர்கள் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டை ஒதுக்கிய அலுவலகம் தன்னை அறியாமல் நட்பையும் சேர்த்து ஒதுக்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ஆட்களை நெருக்கி வைத்தால் நட்பு வளரும் என்று ஒருவர் முடிவு கட்டலாம். அது தவறு என்று உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் இருவரும் 1970-களில் காட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை விடுதிகள் இருந்தன. ஒன்றில் நீண்ட காரிடார். முப்பத்து நான்கு பேருக்கு ஒரு குளியலறைத் தொகுதி, ஒரு பொதுக்கூடம். மற்றதில் இரண்டு மூன்று அறைகளைச் சேர்த்து ஒரு சிறு தொகுப்பு. நான்கு முதல் ஆறு பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கூடம். தலைக்கு இவ்வளவு சதுர அடி என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காரிடார்வாசிகள்தான் கூட்ட நெரிசல் என்று புலம்பினார்கள், வேண்டாத ஆட்களைச் சந்தித்துக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் விசித்திரம், அவர்களை விடுதிக்கு வெளியே ஒரு காத்திருப்பு அறையில் அறிமுகமில்லாத ஒருவரோடு உட்கார வைத்தபோதும் தள்ளியே உட்கார்ந்தார்கள், முகம் பார்ப்பதைக் குறைத்தார்கள். விடுதியில் கற்றுக்கொண்ட ஒதுக்கம் அவர்களோடு வெளியேயும் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த ஆய்வு. பாம் தன் சக ஆய்வாளர் டேவிஸோடு சேர்ந்து 1980-இல் வெளியிட்டது. நாற்பது பேர் தங்கும் ஒரு நீண்ட காரிடாரை எடுத்து, அதன் நடுவிலிருந்த சில அறைகளைக் கூடமாக மாற்றி, இருபுறமும் பூட்டில்லாத கதவுகளைப் போட்டார்கள். நாற்பது பேர் இருபது இருபதாகப் பிரிந்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு மாடியை இருந்தபடியே விட்டார்கள். கல்வியாண்டு நகர நகர, பிரித்த மாடியில் நட்பு கூடியது, நெரிசல் என்ற புகார் குறைந்தது, அறைக்கதவுகள் அதிகம் திறந்து கிடந்தன. பிரிக்காத மாடி வழக்கமான கதிக்குப் போனது. செலவு என்று பார்த்தால் இரண்டு கதவு, கொஞ்சம் தச்சு வேலை, சில கட்டில்கள். அந்தச் சில கட்டில்கள்தான் நிர்வாகியின் கண்ணில் உறுத்தும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்குச் சாட்சி கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் கட்டப்படாமலே போன மங்கர் ஹால். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் நெடுங்காலக் கூட்டாளி சார்லி மங்கர் 20 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். தன் வரைபடத்தின்படியே கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அவர் கட்டிடக் கலைஞர் அல்ல. பதினொரு மாடி, சுமார் 4,500 மாணவர்கள், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட படுக்கையறைகளுக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பகல் வெளிச்சத்தைப் போல மாறும் விளக்குப் பலகை. பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆலோசனைக் குழுவில் நெடுங்காலம் இருந்த கட்டிடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபாடன் 2021 அக்டோபரில் இதை எதிர்த்து விலகினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2023-இல் பல்கலைக்கழகம் அதைக் கைவிட்டு வேறு வடிவமைப்பாளர்களைத் தேடப் போனது. மங்கர் அந்த ஆண்டு நவம்பரில் காலமானார்.

அந்தத் திட்டத்தைப் பலரும் கேலி செய்து முடித்துவிட்டார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதாகத் தெரியவில்லை. எட்டுத் தனியறைகள் சேர்ந்து ஒரு தொகுப்பு, எட்டுத் தொகுப்புகள் சேர்ந்து ஒரு இல்லம்: பாம், வாலின்ஸ் ஆய்வைப் படித்த ஒருவர் போடும் கணக்குதான் அது. ஆளுக்கொரு தனியறை வேறு. அறை ஜன்னலில்லாமலும் சிறிதாகவும் இருந்தால் மாணவர் வெளியே வந்து மற்றவர்களோடு பழகுவார் என்பது மங்கரின் வாதம். எண்ணிக்கையில் தவறில்லை, அவர் மனிதரைப் பார்த்த விதத்தில்தான் தவறு. கூடிப் பேச ஒருவரை அழைப்பது வேறு, இருக்க முடியாதபடி செய்து வெளியே துரத்துவது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இன்று யாரோடும் பேச மாட்டேன் என்று ஒரு சாயங்காலம் இருக்க முடிகிறவருக்குத்தான் மறுநாள் கதவைத் திறக்க மனம் வரும்.

கோபன்ஹேகனின் டீட்கன் விடுதி கிட்டத்தட்ட இதே கணக்கை வேறு மாதிரிப் போட்டது. 2006 வாக்கில் திறந்த வட்டக் கட்டிடம் அது. சீனத்தின் ஃபூஜியான் பகுதி ஹக்கா மக்களின் வட்ட வீடுகளைப் பார்த்து லுண்ட்கோர், ட்ரான்பெர்க் நிறுவனம் வரைந்தது. ஏழு மாடி, 360 அறைகள், பன்னிரண்டு அறைக்கு ஒரு சமையலறை. அறைகள் வெளிப்புறம் ஊரைப் பார்க்கின்றன, சமையலறைகளும் கூடங்களும் உள்முற்றத்தைப் பார்க்கின்றன. எதிர்ப்பக்கம் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பது இந்தப் பக்கச் சமையலறையிலிருந்து தெரியும். போகலாம், போகாமலும் இருக்கலாம். முற்றத்தைச் சுற்றி அறைகள் என்பது நமக்குப் புதிதும் அல்ல. நாளந்தாவின் விகாரைகள் அப்படித்தான் இருந்தன. அங்கே தலைமை வகித்த தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர் என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார்.

காரிடாரே வேண்டாம் என்று நம் நாட்டில் ஒருவர் கட்டியும் காட்டினார். அகமதாபாத் ஐஐஎம்முக்காக 1962-இல் வரையத் தொடங்கிய கட்டிடக் கலைஞர் லூயி கான், விடுதி அறைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தையும் ஒரு மாடிப்படியையும் தேநீர்க் கூடத்தையும் சுற்றி அமைத்தார். வெயில் நேரே முகத்தில் அடிக்காத, நடக்கிறவர் நின்று பேசக்கூடிய இடம் ஒன்று எல்லா மாடியிலும் கிடைத்தது. மொத்தம் 18 விடுதிகள். செங்கல் அரித்தது, உள்ளிருந்த கம்பி துருப்பிடித்தது, 2001 நிலநடுக்கமும் சேர்ந்துகொண்டது. 2020 டிசம்பரில் 14 விடுதிகளை இடிக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழ, புத்தாண்டு நாளன்று அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 2022 இறுதியில் மறுபடியும் முடிவை மாற்றி, சிலவற்றைப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னது. கலைப்பொருளா குடியிருப்பா என்று இரு தரப்பும் சண்டையிட்டார்கள். இரண்டுமே உண்மை. நூலகத்தைப் புதுப்பித்த சோமையா அண்ட் கலப்பா நிறுவனம் ஒரு விடுதியையும் முழுவதுமாகச் சீரமைத்துக் காட்டியிருந்தது. முடியாத காரியமல்ல, செலவும் பொறுமையும் பிடிக்கும் காரியம். கட்டிடம் திறக்க விழா உண்டு, ஒழுகலை அடைக்க விழா கிடையாது. நம் விடுதிகளின் நிர்வாக வரலாற்றில் பாதியை இது சொல்லிவிடும்.

திட்டமிடாமலே இந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் திறமை மாணவர்களுக்கு உண்டு. ஐஐடிகளில் ‘விங்’ என்ற சொல் அப்படிப் பிறந்த வாழ்க்கையைக் குறிக்கிறது. நதிகளின் பெயர் தாங்கிய சென்னை ஐஐடி விடுதிகளில் தங்கியவர்களைக் கேளுங்கள். எந்த வருடம், எந்தத் துறை என்பதற்குப் பிறகு எந்த விங் என்பார்கள். ஒரு மாடியில் ஒரு பக்கத்து வராந்தா, அதில் இருக்கும் சில அறைகள், அவ்வளவே விங். நாற்பது வயதிலும் வாட்ஸாப் குழுவாக அது உயிரோடு இருக்கிறது. திறந்த வராந்தாவுக்கு இங்கே இரட்டை வேலை: காற்று வருகிறது, ஆளும் வருகிறார். புதிய பல மாடி விடுதிகளில் நடுவில் காரிடாரை வைத்து இருபுறமும் அறைகளை அடுக்கும்போது இரண்டும் போய்விடுகின்றன; அப்புறம் ஏசி கேட்கிறார்கள் என்று குறைப்படுகிறோம்.

கட்டிடத்தை விட்டு மெஸ்ஸுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று ஒன்று இருக்கிறது. மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாட்களால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பலகையில் ஒட்டுவார்கள். காய்கறி வாங்க மாணவப் பிரதிநிதி அதிகாலையில் மார்க்கெட்டுக்குப் போவார். பில் ஏறினால் அவர் தலை உருளும். திருட்டும் உண்டு, வம்பும் உண்டு. ஆனாலும் விடுதி நிர்வாகத்தில் மாணவருக்குக் கிடைத்த ஒரே உண்மையான அதிகாரம் பல இடங்களில் அதுதான். அரிசி மூட்டைக்கும் எரிவாயுவுக்கும் என்ன விலை என்று தெரிந்தவரால் வார்டனோடு எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியும். ஒப்பந்தக்காரரிடம் மெஸ்ஸை மொத்தமாகக் கொடுத்த இடங்களில் சாப்பாடு சில சமயம் மேம்பட்டிருக்கிறது, அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

இந்தப் பங்கீட்டுக்கே வழியில்லாத விடுதிகளும் நம்மிடம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் விடுதிகள்தான் தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலரை ஊரை விட்டு நகரத்துக்குக் கொண்டுவந்தவை. 2025 ஜூலையில் அவற்றுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் மாற்றினார்கள். சாதியின் பெயர் வாசல் பலகையிலிருந்து இறங்கியதை நான் வரவேற்கிறேன். அங்கே கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கு. ஒரு டீக்கடையில் ஒரு வடையும் ஒரு டீயும் எவ்வளவு என்று கேட்டுவிட்டு இந்த எண்ணை மறுபடி பாருங்கள். டெல்லி ஜேஎன்யூவில் 2019-இல் ஒற்றையறை வாடகையை மாதம் 20 ரூபாயிலிருந்து 600 ஆக்க முயன்றபோது, இருபது ரூபாயில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று நகைத்தவர்கள் உண்டு. வாடகை அங்கே ஒரு மானியத்தின் பெயர், சந்தை விலை அல்ல. அதை உயர்த்துவது சரியா தவறா என்ற விவாதத்தை அங்கிருந்து தொடங்கியிருந்தால் பயன் இருந்திருக்கும்.

விடுதி வீடா, லாட்ஜா? சட்டத்துக்கே இதில் குழப்பம் இருந்தது. தனியார் விடுதி குடியிருப்பு ஆகாது, ஆகவே ஜிஎஸ்டி உண்டு என்று 2023-இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. குடியிருப்புதான் என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் ஜிஎஸ்டி மன்றம், தலைக்கு மாதம் 20,000 ரூபாய்வரை, தொடர்ந்து தொண்ணூறு நாட்களாவது தங்கினால் வரி இல்லை என்று முடித்தது. வரிக்கு வந்த இந்தத் தெளிவு வாசல் கேட்டுக்கு இன்னும் வரவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிகளில் விதிக்கக் கூடாது என்று 2016-இல் அரசிதழில் வந்த யுஜிசி விதிமுறை சொல்கிறது. மாலையில் செல்போனை ஒப்படைக்கச் சொன்ன ஒரு கல்லூரி விடுதி விதி செல்லாது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் பல ஊர்களில் பெண்கள் விடுதி கேட் ஆறரைக்கோ ஏழுக்கோ சாத்தப்படுகிறது. பையன்கள் விடுதி வாட்ச்மேன் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருப்பார்.

இதைவிடக் கனமான ஒன்றும் இருக்கிறது. மாணவர் தற்கொலைகளைத் தொடர்ந்து 2023 ஆகஸ்டில், நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் நிறைந்த ராஜஸ்தானின் கோட்டா மாவட்ட நிர்வாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளுக்கு ஸ்பிரிங் பொருத்த உத்தரவிட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களைத் தந்தது: நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள இடங்களில் மனநல ஆலோசகர், அப்படிப்பட்ட மின்விசிறிகள், மொட்டை மாடிக்கும் பால்கனிக்கும் கட்டுப்பாடு. உயிரைக் காக்கும் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கணநேர உந்துதலுக்குத் தடை போட்டால் உயிர் பிழைக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்த உண்மை. ஆனால் ஒரு வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு சிக்கல் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. மொட்டை மாடி, பால்கனி, படிக்கட்டுத் திருப்பம் ஆகியவைதான் விடுதியில் ஆள் ஆளைப் பார்க்கும் இடங்கள். அவற்றைப் பூட்டினால் மிஞ்சுவது அறையும் காரிடாரும். ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்று கவனிப்பது ஆலோசகர் அல்ல, பக்கத்து அறைக்காரர். அவர் கவனிக்க வேண்டுமென்றால், கவனிக்கக்கூடிய எண்ணிக்கையில் ஆட்கள் இருக்க வேண்டும். நூற்றெட்டுப் பேரில் ஒருவர் குறைந்தால் தெரியாது. பன்னிரண்டில் ஒருவர் குறைந்தால் அன்றைக்கே தெரியும். பூட்டிய பால்கனிக்கு ஈடாக, கம்பிவலையும் காற்றும் உள்ள ஒரு கூடத்தை ஒவ்வொரு பன்னிரண்டு பேருக்கும் கொடுக்கச் சொல்லி விதி வந்தால் அதையும் நான் பாதுகாப்பு விதி என்றே சொல்வேன்.

யார் நடத்துவது என்ற கேள்விக்குப் பின்லாந்தில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் ஓட்டானியெமியில் பொறியியல் மாணவர்கள் 1950-களின் தொடக்கத்தில் தங்களுக்கு ஒரு கிராமம் கட்டிக்கொண்டார்கள். பணம் திரட்டினார்கள், கை வேலையும் செய்தார்கள். போரில் குண்டு விழுந்து சிதைந்த சோவியத் தூதரகக் கட்டிடத்தின் செங்கற்களை எடுத்து வந்து சுவர் வைத்தார்கள். 1952 ஒலிம்பிக்கின்போது சோவியத் அணி வீரர்கள் அங்கேதான் தங்கினார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. இன்றும் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர் சங்கம் அங்கும் சுற்றிலும் வீடுகளை வைத்து வாடகைக்கு விடுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியிருக்கிறார்கள். கூரை ஒழுகினால் மாணவர் புகார் செய்வது மாணவர் சங்கத்திடம். சங்கம் வாடகையை உயர்த்தினால் அடுத்த தேர்தலில் தெரியும். நம் மெஸ் செக்ரட்டரி முறையை அடுக்களையோடு நிறுத்தாமல் கூரைவரை கொண்டுபோனால் கிட்டத்தட்ட இதுதான் வரும்.

அவ்வளவு தூரம் போக நம் கல்லூரிகளுக்கு மனம் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். காரிடாரை வெட்டுவதற்கு அந்த மனம் வேண்டியதில்லை. இருக்கும் விடுதிகளை இடிக்க வேண்டாம். என் பழைய விடுதியில் நடுவில் எதிரெதிராக இரண்டு அறைகளை எடுத்து, சுவரைத் தட்டி, கதவு போட்டால் ஒரு மாடிக்கு ஆறு கட்டில்கள் போகும். நூற்றெட்டு நூற்று இரண்டாகும். அந்த ஆறு பேருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது உண்மையான நெருக்கடி. நிர்வாகத்தில் இருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவரும் அதையே கேட்டார், ஆறு கட்டிலுக்கு எங்கே போவேன் என்று.

எங்கள் காரிடாரின் நடுவில் பத்தொன்பதாவதாக ஒரு அறை இருந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். நான் படித்து முடித்து வெளியேறும்வரை அந்தப் பூட்டு திறந்து பார்த்ததில்லை.